மூன்று மாடல்களுக்கும் ஒரே மங்கம்மா

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் ஷேர் ஆட்டோக்களில் மங்கம்மா ஏறிய அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். காலையில் இரண்டு தடவை ஏறுவார். வெயில் ஏறியதும் ஒரு தடவை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு மறுபடியும். எல்லாம் மாகறல், ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரம் போகும் வண்டிகள். ஏறி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓரிக்கைல எறக்கி உட்ருப்பா" என்று டிரைவரிடம் ஊருக்கே கேட்கும்படி சொல்லுவார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த ஆட்டோவில் ஓரிக்கைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

காரணத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வருவது அதுதான், அலுவலகத்தில் கேட்டால் சொல்லுவார்கள்.

என் பெயர் சுந்தரவல்லி. எங்கள் ஊரில் இது ஒரு பெயரே இல்லை. பெருமாள் சுந்தரவரதராகப் போய்விட்டதால் தெருவுக்கு நாலு சுந்தரவல்லி உண்டு. என்னை ஆபீஸ் சுந்தரவல்லி என்பார்கள். எதிர்வீட்டில் இருப்பவள் ஊறுகாய் சுந்தரவல்லி. நான் காஞ்சிபுரத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். தினமும் இங்கிருந்து போய்வர வேண்டும். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் பஸ் எப்போதும் பிதுங்கி வழியும், அதுவும் வந்தால்தான் உண்டு. ஷேர் ஆட்டோ எப்போதும் நிற்கும், ஆனால் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும்.

காலி ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்காருவதைப் போன்ற முட்டாள்தனம் உலகத்தில் கிடையாது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வேக வேண்டும். நடுவில் பஸ் வந்துவிட்டால் மற்றவர்கள் எல்லாம் அதில் ஏறிப் போய்விடுவார்கள், நாம் மட்டும் டிரைவரோடு கதை பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எல்லோரும் எதிரே இருக்கும் புங்கமரத்தடியில், எங்கேயும் போகிற உத்தேசமே இல்லாதவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்போம். நாலு பேர் உட்கார்ந்ததும் ஓடிப்போய் ஐந்தாவது ஆளாக ஏறிவிட வேண்டும் என்பதுதான் ஒவ்வொருவருடைய திட்டமும். எல்லோரும் ஐந்தாவது ஆளாகவே இருக்க ஆசைப்பட்டால் முதல் நாலு பேருக்கு எங்கே போவது?

அந்த நாலில் ஒன்றாக இருப்பதுதான் மங்கம்மாவின் வேலை.

இது யாரும் யோசித்துக் கொடுத்த வேலை இல்லை. மங்கம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்று நட்டு, களை பறித்து, நூறு நாள் வேலையில் ஏரி வரப்பைக் கொத்தி, கடைசியில் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. ஒரு நாள் கடைத்தெருவுக்கு வந்தவர் கால் வலி தாங்காமல், தங்கள் தெருக்காரரான பெஞ்சமினின் ஆட்டோவில் சற்று உட்கார்ந்தார். கேட்க ஆளில்லாமல் அரைமணியாக நின்ற வண்டி, அவர் உட்கார்ந்ததும் மளமளவென்று நிரம்பிவிட்டது. பெஞ்சமின் சாமர்த்தியசாலி. மறுநாளே, "யக்கா, வூட்ல சொம்மாதான கீற? வந்து குந்து. நாஷ்டா நம்ம செலவு" என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து மங்கம்மா நிரந்தரப் பயணி.

அதை அவர் ஏனோதானோவென்று செய்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ஒரு நாள் ஒயர் கூடையில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும், சந்தைக்குப் போகிறவர். ஒரு நாள் பூவும் தேங்காயும், கோயிலுக்குப் போகிறவர். கூட்டம் ரொம்ப மந்தமாக இருந்தால் எக்ஸ்ரே கவர் வெளியே வரும். எக்ஸ்ரே கவரைப் பார்த்தால் யாருக்கும் இந்த வண்டி சீக்கிரம் கிளம்பிவிடும் என்று தோன்றும். போதாக்குறைக்கு, "இன்னாப்பா, எடுக்குறியா இல்லியா? லேட்டாவுது, இன்னும் எவனுக்காகக் காத்துகினு கீற" என்று டிரைவரைத் திட்டுவார். ஒரே ஒரு சீட் பாக்கி என்கிற நிலையில் இடுப்பைத் தடவிப் பார்த்து, "ஐயையோ, பர்ஸை வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று இறங்கிவிடுவார். அவர் இடமும் காலியாகும், இரண்டு பேர் ஓடிவந்து ஏறுவார்கள், வண்டி பறக்கும். அடுத்த வண்டி வரிசையில் முன்னே வந்து நிற்கும்.

நான் முதல் தடவை எக்ஸ்ரே கவரில்தான் ஏமாந்தேன். பாவம், உடம்பு சரியில்லாதவர் பர்ஸை விட்டுவிட்டாரே என்று ஆட்டோ கட்டணம் கொடுக்கக்கூடக் கையை நீட்டினேன். மறுநாள் அதே கவரை விசிறியாக வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நாலு பேர் பார்க்கக் கேட்டேன்.

மங்கம்மா துளியும் அசரவில்லை. "இப்ப இன்னா ஆயிப்போச்சு? நீ ஏறுனியா, இல்லியா? வண்டி போச்சா, இல்லியா? ஆபீஸ்க்கு டயத்துக்குப் போய்ச் சேந்தியா? அப்பால இன்னாம்மா கோவம் உனுக்கு?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், அவர் போலிப் பயணி என்று தெரிந்த பிறகும் நான் அவரைப் பார்த்துத்தான் ஏறினேன். நான் மட்டும் இல்லை, தினப்படி போகிற எல்லோரும். மங்கம்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் யாராவது ஏமாந்து ஏறுவார்கள், அவர்கள் ஏறினால் வண்டி கிளம்பிவிடும், ஆகவே நாமும் ஏறலாம் என்பது எங்கள் கணக்கு. எங்கள் கணக்கில் மங்கம்மா பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யம் இல்லாமல் வண்டி நகராது.

இதை நான் வீட்டில் விளையாட்டாகச் சொல்லப்போக, என் அண்ணன் பெண் தேஜஸ்வினி பிடித்துக்கொண்டாள். சென்னையில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நாங்கள் சிரிக்கிற இடத்தில் அவள் பேனாவைத் தேடுவாள்.

"அத்தை, அவர் போலின்னு தெரிஞ்சும் ஏறறேளா? எல்லாருக்கும் தெரியுமா? ஒருத்தருக்குத் தெரியும்கறது இன்னொருத்தருக்கும் தெரியுமா?" என்று கேள்வி மேல் கேள்வி. அடுத்த விடுமுறைக்கு வந்தவள் புங்கமரத்தடியிலேயே குடியிருந்தாள். யார் யார் எத்தனை பேர் உட்கார்ந்த பிறகு ஏறுகிறார்கள் என்று பார்த்தாள். தமிழ்ச்செல்வி டீச்சருக்குப் பொறுமை கிடையாது, இரண்டு பேர் போதும். பால்கேன் வைத்திருப்பவருக்கு நாலு பேராவது வேண்டும். நான் எத்தனை என்று கேட்டேன். "நீங்க ஏழு அத்தை, யாரையும் நம்பறதில்லை" என்றாள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அவற்றை வைத்துச் சில சமன்பாடுகள். ஒரு கூட்டம் எப்போது நகரும், எப்போது நின்ற இடத்திலேயே நிற்கும் என்று அது சொல்லுமாம். மங்கம்மாவிடம் கேட்டு அனுமதி வாங்கி, அதற்கு மங்கம்மா மாடல் என்று பெயர் வைத்தாள்.

பெயர் நன்றாக வாய்த்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள் போலிருக்கிறது. அவள் விடுதித் தோழி ஷாரோன் வேதியியல்காரி. கற்கண்டுப் பாகில் ஒரு சின்னப் படிகத்தைப் போட்டால் அதைச் சுற்றி மற்றதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த வகை ஆராய்ச்சி அவளுடையது. "இதுவும் மங்கம்மாதானே" என்று அவளும் தன் மாடலுக்கு அதே பெயரை வைத்துவிட்டாள். கிருத்திவாசன் என்று இன்னொரு பையன், பறவைகளைப் படிக்கிறவன். நாரைகள் வராமல் போன ஏரியில் களிமண் நாரைகளைச் செய்து வைத்தால், அதைப் பார்த்து நிஜ நாரைகள் இறங்குமாம். அவனும் மங்கம்மா மாடல். ஒரு கருத்தரங்கில் மூன்று பேரும் அடுத்தடுத்து எழுந்து மங்கம்மா மங்கம்மா என்று பேச, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் மங்கம்மா என்பவர் இந்தியாவின் பெரிய விஞ்ஞானி என்று நினைத்து, இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று விசாரித்தாராம்.

"இப்படிக் குழப்பறதுக்கு வெட்கமா இல்லையாடி?" என்று கேட்டேன்.

"இது சகஜம் அத்தை. அணுவுக்குள்ள இருக்கறதைச் சொல்றதுக்கு ஸ்டாண்டர்ட் மாடல்னு ஒண்ணு இருக்கு. சூரியனுக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் மாடல் இருக்கு. பிரபஞ்சத்துக்கே ஒண்ணு இருக்கு. மூணுக்கும் சம்பந்தம் இல்லை. யார் எதைப் பத்திப் பேசறான்னு பார்த்துப் புரிஞ்சுக்கணும்" என்றாள். ஊறுகாய் சுந்தரவல்லிக்கு வந்த பார்சல்களை எத்தனை தடவை நான் பிரித்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன்.

தன் பெயரில் மூன்று மாடல் இருக்கிறது என்று கேட்டதும் மங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னார். தேஜஸ்வினி போனில் படம் காட்டினாள். சமன்பாட்டைப் பார்த்து, "இது இன்னா எறும்பு ஊர்ந்தாமாதிரி கீது" என்று ஒதுக்கிவிட்டார். கற்கண்டுப் படம் பிடித்திருந்தது. நாரைப் படம் எல்லாவற்றையும்விடப் பிடித்துவிட்டது. இதில் எதற்குத் தன் பெயர் என்று விரலால் தொட்டுக் கேட்டார். அசையாமல் நின்ற அந்த ஒன்று களிமண் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"மண்ணு பொம்மைக்கா எம் பேரு? எவன் அவன்? இங்க வரட்டும், அவனுக்கு வச்சிக்கிறேன்."

கிருத்திவாசன் இதுவரை உத்திரமேரூர் பக்கம் வரவில்லை.

இந்த மாதிரி எல்லாமே சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. மங்கம்மாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் சிரிப்பு வராது. அது அவர் மகள் செவ்வந்தி. ஓரிக்கையில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார். கல்யாணத்தன்றே சம்பந்தியம்மா பிரிஸ்கில்லா பந்தியில் வைத்து, "உங்க அம்மா ஆட்டோல ஏறி எறங்குற வேலை பாக்குறாங்களாமே" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். மங்கம்மாவுக்கு அது தைத்துவிட்டது. அதோடு அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று இருந்துவிட்டார். செவ்வந்தி போன் பண்ணிக் கூப்பிடுவாள். இவர் ஒவ்வொரு தடவையும் வருகிறேன் என்பார். பிறகு கால் வலி, காய்ச்சல், பெஞ்சமின் விடவில்லை. "தெனிக்கும் எங்க ஊரு வண்டிலதான குந்துற? ஒரு நாளு எறங்காம இருந்தா வந்துடப் போற" என்று மகள் போனில் அழுததை மங்கம்மாவே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முருங்கைக்காயை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இப்போது செவ்வந்திக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்கும் முன் முடித்துவிட வேண்டும். தாய் வீட்டு வளையல்தான் முதலில் ஏற வேண்டும், தாய் வீட்டுக் கலந்த சாதம்தான் முதலில் ஊட்ட வேண்டும். "இந்தத் தபா நீ வரலன்னா இனிமே நான் கூப்பிட மாட்டன்மா" என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள். மங்கம்மா ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார். அவர் கணவர் எல்லப்பன் முந்தின நாளே போய் அங்கே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். இவர் விடியற்காலையில் எழுந்து புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் கிளறி, தூக்குகளில் அடைத்து, பச்சையும் சிவப்புமாக வளையல் வாங்கி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

அன்று பஸ் ஒன்று வந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். தூக்குகளோடு அதில் ஏற வழியில்லை. பெஞ்சமின் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவார், போனை எடுக்கமாட்டார். வரிசையில் முதல் வண்டி கலைச்செல்வன் என்கிற புதுப் பையனுடையது. மங்கம்மா அதில் ஏறி உட்கார்ந்தார்.

நானும் தேஜஸ்வினியும் அந்த நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நான் காஞ்சிபுரத்தில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும். அவள் அங்கிருந்து சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டும். வண்டியில் மங்கம்மா மட்டும். புங்கமரத்தடியில் ஒரு வண்டி நிறைய ஆள், அத்தனை பேரும் தினப்படி முகங்கள். தமிழ்ச்செல்வி டீச்சர் ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ பயிற்சி வகுப்புக்கு நின்றுகொண்டிருந்தார். பால்கேன்காரர் கேன் இல்லாமல் வேட்டியில் இருந்தார். ஒரு வெளியூர்க்காரர்கூட இல்லை.

"பாத்தியா, இன்னிக்கி பட்டுப்பொடவை கெட்டப்பு. வண்டி கிளம்ப மத்தியானம் ஆவும் போல" என்று பால்கேன்காரர் சொல்ல, மரத்தடி முழுக்கச் சிரித்தது.

மங்கம்மா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, எடுக்குறியா இல்லியா? லேட்டாவுது" என்றார். கலைச்செல்வன் கையைத் தட்டி, "சூப்பர்க்கா. இன்னும் கொஞ்சம் சவுண்டு உடு" என்றான்.

"டேய், மெய்யாலுமே போவணும்டா. எம் பொண்ணுக்கு வளைகாப்பு."

"அதான், அதான். அப்டியே சொல்லு. வளைகாப்பு மேட்டர் புச்சா கீது."

அவர் தூக்கின் மூடியைத் திறந்து புளிசாதத்தைக் காட்டினார். அவன் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நாஷ்டா அருமை என்றான். நான் போய்ச் சத்தம் போட்டேன். நிஜமாகவே வளைகாப்பு, எனக்குத் தெரியும், முழு வண்டிக்கும் நானே கொடுத்துவிடுகிறேன், எடு என்றேன். வரிசையில் நிற்கும் வண்டி மரத்தடி ஆட்களை விட்டுவிட்டு ஸ்பெஷல் அடிக்கக்கூடாது என்பது ஸ்டாண்டு சட்டம். அதைச் சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "மேடம், நீங்களும் சேந்துட்டீங்களா? பெஞ்சமின் அண்ணன் பெரிய ஆளுதான்." எனக்கு அவனை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல இருந்தது.

"அத்தை, ஏறுங்கோ" என்று தேஜஸ்வினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "நாம ரெண்டு பேரும் ஏறினா தமிழ்ச்செல்வி டீச்சர் ஏறுவா. அவா ஏறினா வேட்டி கட்டினவருக்கு முன்னாடி ரெண்டு பேர் ஏறுவா. மடமடன்னு நிரம்பிடும், பாருங்கோ."

ஏறினோம். முதல் ஆளாகக் காலி ஆட்டோவில் ஏறியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தகரம் பொசுக்கியது. டீச்சரை இருவரும் ஆசையாகப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார், மங்கம்மாவைப் பார்த்தார், நான் கலைச்செல்வனோடு போட்ட சண்டையை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "என்ன சுந்தரவல்லி, உங்களுக்கும் நாஷ்டாவா?" என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

தேஜஸ்வினியின் முகத்தைப் பார்க்க வேண்டும். "இது மாடல்ல இல்லையே" என்றாள் மெல்ல. மங்கம்மாவோடு சேர்ந்த பாவத்துக்கு நாங்களும் பூஜ்யமாகிவிட்டோம். இது எனக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்தது, அவளுக்கு ஒரு அத்தியாயமே எழுத வேண்டியிருக்கும்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மங்கம்மா வளையல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தேஜஸ்வினியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எம் பேர்ல மூணு மாடல் கீதுன்னியே. அதுல ஒண்ணுலயாவது மங்கம்மா ஊருக்குப் போய்ச் சேர்றாளா?"

தேஜஸ்வினி வாயைத் திறந்தாள். அவளுடைய மாடலில் மங்கம்மா கடைசி சீட்டுக்கு முன்னால் இறங்கிவிடுகிறாள். ஷாரோனுடையதில் எல்லோரும் வந்து மேலே ஒட்டிக்கொள்ள, உள்ளே மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறாள். கிருத்திவாசனுடையதில் நாரைகள் எல்லாம் பறந்து போன பிறகும் களிமண்ணாக ஏரியிலேயே நிற்கிறாள். பெயரைத் தவிர மூன்று மாடலுக்கும் பொதுவாக இருந்தது இது ஒன்றுதான். அது அந்தப் பெண்ணுக்கு அந்த நிமிடம்தான் தோன்றியிருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"இல்லை" என்றாள்.

மங்கம்மா தலையாட்டினார். திட்டவில்லை. போனை எடுத்து மகள் பெயரைத் தேடினார். இனிமேல் உட்கார்ந்து பலனில்லை என்று, தூக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, காலைத் தேய்த்துக்கொண்டே கீழே இறங்கினார். "செவந்தி, அம்மாடா" என்று ஆரம்பித்தார். பட்டுப்புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

அப்போதுதான் மரத்தடியிலிருந்து ஒரு குரல். "டேய், மங்கம்மா எறங்கிட்டாங்கடா!"

மங்கம்மா இறங்கினால் வண்டி கிளம்பப்போகிறது என்று அர்த்தம். எங்கள் ஸ்டாண்டில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். அவ்வளவுதான். டீச்சர் குடையை மடக்காமலே ஓடிவந்தார். பால்கேன்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். என் மடியில் ஒரு பை, தோளில் ஒரு முழங்கை, காலில் யாருடைய செருப்போ. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் டிரைவர் பக்கத்துச் சீட்டு வரைக்கும் நிரம்பிவிட்டது. கலைச்செல்வன் ஸ்டார்ட் செய்தான். "யக்கா, சூப்பர்க்கா, டேங்க்ஸ்க்கா!"

தெருவில் தூக்குகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மங்கம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றார். வண்டி நகர்ந்தது.

"நிறுத்துங்கோ!" என்று ஒரு கூச்சல் போட்டாள் தேஜஸ்வினி. அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிரேக் போட்டதும் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு கீழே குதித்தாள். கலைச்செல்வன் திரும்பிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டான். படித்த பெண், ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பர்ஸை ஆத்துலயே வெச்சுட்டேன்" என்றாள்.

பிறகு மங்கம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "அம்மா வண்டில ஏறியாச்சு" என்று சொல்லி அணைத்து, அவரைப் பின்னாலிருந்து தள்ளி வண்டியில் ஏற்றினாள். தூக்குகளை நான் வாங்கி என் மடியிலும் டீச்சர் மடியிலும் வைத்தேன். டீச்சர் மறுத்திருந்தால் சண்டையாகியிருக்கும். "யக்கா, வண்டிதான் ஃபுல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஏறுற?" என்று கலைச்செல்வன் கேட்டான்.

"போடா டேய், எட்றா வண்டிய!" என்று நான் கத்தினேன். அந்தப் பாஷை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வண்டி பறந்தது.

ஊர் எல்லை தாண்டியது. மங்கம்மா இறங்கவில்லை. பால்கேன்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாகறல் வந்தது. மங்கம்மா இருக்கிறார். செய்யாற்றுப் பாலத்தின்மேல் போகும்போது டீச்சர்தான் முதலில் மெல்லக் கேட்டார்.

"மங்கம்மா, நிஜமாவே வளைகாப்பா?"

மங்கம்மா ஆமாம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு கலைச்செல்வன் ஓட்டிய ஓட்டத்தைப் போலீஸ் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. வழியில் கையைக் காட்டிய ஒருவருக்கும் நிறுத்தவில்லை. பால்கேன்காரர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

ஓரிக்கையில் மெயின் ரோட்டில் நிறுத்தாமல் செவ்வந்தி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். மணி பன்னிரண்டு அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. பந்தலில் பாய் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். வாழையிலை போட்டுச் சிலர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். எல்லப்பன் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். நான் ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம் மங்கம்மாவைப் பிடித்துக்கொண்டு போனோம். கலைச்செல்வன் தூக்குகளோடு பின்னால் வந்தான்.

செவ்வந்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை நிறைய வளையல், முழங்கை வரைக்கும். சம்பந்தியம்மா பிரிஸ்கில்லா எழுந்து நின்று, பாதிக் கோபமும் பாதிச் சிரிப்புமாக மங்கம்மாவைப் பார்த்தார்.

"வாங்க சம்பந்தி. எமகண்டம் பொறந்துடுச்சி, வலது கைய நீட்டும்மான்னு எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். உங்க பொண்ணு கேக்கல. எங்கம்மா வண்டில ஏறிட்டாங்க, வந்துகினு கீறாங்கன்னு ஒரே புடிவாதம்."

செவ்வந்தி முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். அதில் ஒரு வளையல்கூட இல்லை. அம்மாவைப் பார்த்து அதை நீட்டினாள்.